யோனேயின் கை

ஜப்பானில், முடிச்சுச் சாயத் துணிக்குப் பேர்போன அரிமட்சுவில் ஒரு பெண்ணின் பெயர் மறந்துபோனால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கை மறந்துபோனால்தான் குற்றம். முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய துணியை ஒரு முழம் விரித்துக் காட்டினால் போதும், "இது பாலத்தடி கிழவியின் கை", "இது குடைக்காரர் வீட்டு மருமகள் கை, பார், அவசரம் தெரிகிறது" என்று சொல்லிவிடுவார்கள். எல்லாப் பெண்களும் ஒரே மாதிரிதான் கட்டுகிறார்கள். பட்டில் நீலப் பூச்சாற்றால் வைத்த புள்ளியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலைச் சுற்றி இறுக்கிவிட்டு, அறுக்காமல் அடுத்த புள்ளிக்குப் போவார்கள். ஆனாலும் சாயத்தில் முக்கி நூலைப் பிரித்த பிறகு எழுந்து நிற்கும் மணிகள் ஆளுக்கு ஆள் வேறாகத்தான் இருக்கும். அவை கையெழுத்தை விட நிச்சயமானவை.

அந்த ஊரின் கைகளில் முதல் கை யோனேயுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இரண்டாவது கை யாருடையது என்பதில் கொஞ்சம் தகராறு உண்டு. சிலர் மிசாவோ என்பார்கள்.

மிசாவோ யோனேயின் நாத்தனார். அந்த ஊரிலேயே பிறந்தவள். பால்பல் விழும் வயதிலேயே தாயின் பக்கத்தில் உட்கார்ந்து கட்டத் தொடங்கிவிட்டாள். பதினாறு வயதில் அவளைப் பற்றி வியாபாரி வீடுகளில் பேச்சு வந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் அவளுடைய அண்ணன் தோகுஜிக்கு மலைப்பக்கத்துக் கிராமத்திலிருந்து பெண் எடுத்தார்கள். வந்தவள் யோனே. இடது இடுப்பு சற்றுக் கோணல். முழங்கால் மடித்து நேராக உட்கார முடியாது, ஒரு பக்கமாகச் சரிந்துதான் உட்காருவாள். வந்த மறுவாரம் மாமியார் சோதனைக்கு ஒரு துண்டுப் பட்டைக் கொடுத்தாள். அதைப் பிரித்துப் பார்த்தவள் வாயடைத்துப் போனாள். ஒவ்வொரு மணியும் கடுகளவு. கடுகின் நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைக் கண்.

அதன்பின் மிசாவோவின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

"என் மருமக கையைப் பாரு," என்பாள் தாய், வந்தவர் போனவரிடமெல்லாம். "நான் பெத்ததுக்கு வாய் மட்டும்தான் இறுக்கம்."

யோனேயும் சும்மா இருக்கமாட்டாள். மிசாவோ கல்யாணமாகி அதே சந்தில் நான்கு வீடு தள்ளிக் குடியேறிய பிறகும், மாலையில் வந்து ஜன்னலோரம் நின்று துணியைத் தூக்கிப் பார்ப்பாள்.

"ஏண்டி மிசாவோ, இந்த மணிக்குள்ள எலி குடித்தனம் பண்ணலாம் போலிருக்கே. வாடகைக்கு விடப்போறியா?"

"உங்க மணிக்குள்ள ஒண்ணும் நுழையாது அண்ணி. உங்க மனசு மாதிரி."

இருவரும் சிரிப்பார்கள். சந்தில் கேட்டவர்களும் சிரிப்பார்கள். யோனே போன பிறகு மிசாவோ அந்த வரிசையைப் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவாள். முப்பது வருடம் இப்படி ஓடிற்று.

போர் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. ஊருக்கு மறுபடி பட்டு வரத் தொடங்கியிருந்தது. பெரிய வியாபாரி வீட்டின் தரகர் ஹிபினோ ஒருநாள் மூட்டையோடு வந்து யோனேயின் முன்னால் வெள்ளைப் பட்டை விரித்தார். நீண்ட கையுள்ள மணப்பெண் கிமோனோவுக்கான சுருள். அலையும் பைன் மரமுமாக உடல் முழுக்க மான்புள்ளி என்னும் சின்னஞ்சிறு மணிகள். ஒரு விரல் வைக்க இடைவெளி கிடையாது. முதலில் நகோயாவில் கண்காட்சிக்குப் போகும், அதன்பிறகு ஒசாகாவில் ஒரு பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு.

"அவசரமில்லம்மா. ரெண்டு வருஷம் எடுத்துக்கங்க. ஆனா முழுக்க உங்க கைதான். நடுவுல வேற கை பட்டுச்சுன்னா சாயத்துல முக்கின உடனே தெரிஞ்சிரும். அப்புறம் அது சுவர் துடைக்கத்தான் ஆகும்," என்றார் ஹிபினோ.

"வேற கை எங்க இருக்கு இந்த ஊர்ல?" என்றாள் யோனே. மிசாவோ அப்போது தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுருளில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருந்த குளிர்காலத்தில், ஒரு காலை, யோனே அடுப்படிக்குப் போகும் வழியில் விழுந்தாள். வைத்தியர் வந்து பார்த்தார். மூளையில் ரத்தக்கசிவு என்றார். உயிர் தங்கிற்று. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. முகம் பாதி இறங்கிவிட்டது. நாக்கு புரளவில்லை. எல்லாம் புரிகிற மாதிரி இடது கண் மட்டும் ஆளைத் தொடர்ந்து வந்தது.

மிசாவோ ஓடிப்போய்ப் பார்த்தபோது அழுதாள். அந்த அழுகை உண்மையானது. திரும்பி வரும் வழியில், இனி முதல் கை யாருடையது என்று ஒரு எண்ணம் வந்தது. அதுவும் உண்மையானது. அந்த எண்ணம் வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு வீடு சேர்ந்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தோகுஜி வந்தார். சாயப்பட்டறை ஆள். நகக்கண் எப்போதும் கருஞ்சிவப்பு. வாசலோடு நின்று தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அப்படி நின்று மிசாவோ பார்த்ததில்லை.

"உள்ள வாங்கண்ணே."

"இல்ல... ஒண்ணு கேக்கணும். நீ முடியாதுன்னு சொன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"சொல்லுங்க."

"அந்தச் சுருள். மீதி இருக்கே, அதை நீ கட்டித் தருவியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நானா? எலி குடித்தனம் பண்ற கையா?"

"கேலி பண்ணாத மிசாவோ. இந்தச் சுருளை இப்படியே திருப்பிக் குடுத்தா அவ கட்டினதெல்லாம் குப்பை. அதுதான் அவ கட்டின கடைசித் துணி. குப்பையாப் போகட்டுமா? ஹிபினோகிட்ட, விழுந்த அன்னிக்குக் காலையிலேயே கட்டி முடிச்சிட்டான்னு சொல்லிட்டேன். வாய் தவறி வந்திருச்சு. சாயம் நானே ஏத்தித் தர்றேன், வெயில் வரட்டும்னு தவணையும் கேட்டுட்டேன். இப்ப என்ன பண்றதுன்னு தெரியல."

உள்ளே கணப்படுப்பின் மேல் விரித்த போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் ஷோசோவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. ரயில் நிலையத்தில் வேலை, வாய் சும்மா இருக்காத ஆள். அண்ணன் போனபின் சொன்னான்: "நல்லாயிருக்கு. முப்பது வருஷம் உன்னை மிதிச்ச செருப்புக்கு நீ உக்காந்து வார் தைக்கப்போற."

"அவங்களுக்காக இல்ல."

"பின்ன?"

மிசாவோ கெண்டியை எடுத்து அவனுக்குத் தேநீர் ஊற்றினாள். தன்னால் முடியுமா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதைக் கணவனிடம் எப்படிச் சொல்வது?

அண்ணியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டு தினமும் காலையில் அந்த வீட்டுக்குப் போனாள். அது பொய்யும் இல்லை. கஞ்சி ஊட்டுவாள், துடைத்துவிடுவாள், புரட்டிப் படுக்க வைப்பாள். பிறகு காகிதக் கதவைச் சாத்திவிட்டு, துணியை மாட்டக் கொக்கி முளைத்த சின்ன மரத்தாங்கியை இழுத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். யோனேயின் படுக்கை அதே அறையில்தான். வெளிச்சம் நல்லதாக விழுவது அங்கேதான். வேறு வழி இல்லை.

முதலில் துண்டுப் பட்டில் பழகினாள். எவ்வளவு சின்னதாகக் கிள்ளினாலும், எவ்வளவு பலமாகச் சுண்டினாலும் மணி பருத்தது. தலையைத் தூக்கினால் அண்ணியின் இடது கண் அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும். பார்த்துவிட்டு, மெல்ல மூடிக்கொள்ளும். பேசமுடிந்த காலத்தில் சொன்ன கிண்டலெல்லாம் அந்த மூடலுக்கு உறைபோடக் காணாது.

"திட்டணும்னா திட்டுங்க," என்றாள் மிசாவோ ஒருநாள், விரல் வீங்கிப்போன ஆத்திரத்தில். "இப்படிக் கண்ணை மூடாதீங்க. உங்க துணியைத்தான் காப்பாத்திக்கிட்டிருக்கேன்."

கண் திறக்கவில்லை.

தான் உட்கார்ந்திருக்கும் மெத்தையை அவள் கவனித்தது தற்செயல்தான். யோனே வருடக்கணக்காக உட்கார்ந்த மெத்தை. இடப்பக்கம் அப்பளமாக நசுங்கி, வலப்பக்கம் உப்பியிருந்தது. மிசாவோ இதுவரை அதைச் சரிசெய்து, மடித்து, நேராக உட்கார்ந்துதான் கட்டிவந்தாள். அன்று அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். உடம்பு சாய்ந்தது. இழுவை மணிக்கட்டிலிருந்து விலகித் தோளுக்குப் போயிற்று. நூலின் கடைசிச் சுற்று தானாகவே கீழ்நோக்கி இறங்கி மணியின் அடியில் உட்கார்ந்துகொண்டது.

கோணல் இடுப்பு. அதுதான் அந்தக் கை. முப்பது வருடமாக ஊரே விரலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஒரு வரிசை கட்டிவிட்டு நிமிர்ந்தாள். இடது கண் பார்த்துக்கொண்டிருந்தது. நெடுநேரம் மூடவேயில்லை. அப்புறம் யோனே சுவர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன்பின் மிசாவோ துண்டுப் பட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உண்மைச் சுருளை எடுத்தாள். பிளம் மரம் பூத்து உதிர்ந்தது. செர்ரி வந்தது, போனது. சரிந்து உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பில் குத்தல் பிடித்துக்கொண்டது. தெருவில் நடக்கும்போது, "என்ன மிசாவோ, அண்ணியைத் தூக்கித் தூக்கி நீயும் கோணிட்டியா?" என்று கேட்டார்கள். அவள் ஆமாம் என்றாள். எங்கே யோனே விட்டாளோ, மூன்றாவது அலையின் முகடு, அங்கிருந்து தொடங்கிய வேலை, கடைசிப் பைன் கிளையில் வந்து முடிந்தது. நூலை அறுத்துவிட்டு மிசாவோ மரத்தாங்கியை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

தோகுஜி தானே சாயமேற்றினார். அடர்சிவப்பு. காய்ந்தபின் அண்ணனும் தங்கையும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். வாணலியில் எள் வெடிப்பது போல நூல் படபடவென்று தெறித்தது. தரையெல்லாம் நூல். துணி மூச்சு விட்டதுபோல விரிந்து, சுருங்கி, ஆயிரமாயிரம் வெள்ளைக் கண்களோடு அவர்கள் கையில் நின்றது.

மிசாவோ ஓடிப்போய் மூன்றாவது அலையின் முகட்டைத் தேடினாள். கண்ணருகே வைத்துப் பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். வெயிலில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தாள். எங்கே அண்ணி முடிகிறாள், எங்கே தான் தொடங்குகிறாள், கண்டுபிடிக்க முடியவில்லை.

"அண்ணே," என்றாள். "தெரியலைண்ணே. எனக்கே தெரியல."

தோகுஜி அந்தத் துணிக்கு முன்னால் தரையில் நெற்றி படக் குனிந்தார். தனக்குத்தான் வணக்கம் என்று மிசாவோ ஒரு கணம் நினைத்தாள். அவர் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யோனே, பாரு, உன் துணி," என்று படுக்கையை நோக்கிப் போனார்.

நகோயா கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. பரிசைவிடக் கதை வேகமாகப் பரவியது. கடைசி மணியைக் கட்டி நூலை அறுத்துவிட்டு யோனே அப்படியே சாய்ந்தாளாம். அறுத்த நூல் கையிலேயே இருந்ததாம். ஹிபினோ அதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கேட்பவர்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். சந்துப் பெண்கள் கூட்டமாக வந்து, செத்துக்கிடந்த அந்த வலது கையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தொட்டால் தங்கள் கைக்கும் கொஞ்சம் ஒட்டுமாம். மிசாவோ எல்லோருக்கும் தேநீரும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுத்தாள்.

பத்திரிகைக்காரர் ஒருவர் புகைப்படக் கருவியோடு வந்தார். அவருக்கு யோனேயின் முகம் வேண்டாம், கை மட்டும் போதும். கை போர்வைக்குள் சுருண்டு கிடந்தது.

"நீங்க கொஞ்சம் எடுத்து மெத்தை மேல வைக்க முடியுமாம்மா? விரலை லேசா விரிச்சு. ஆமா, அப்படி. உங்க கை படத்துல விழுது, கொஞ்சம் தள்ளிக்கங்க."

மிசாவோ தள்ளிக்கொண்டாள்.

கோடை வந்ததும் ஹிபினோவிடம் தானே கேட்டு ஒரு பட்டுச் சுருள் வாங்கினாள். இனி ஒளிந்து கட்ட வேண்டியதில்லை. தன் வீட்டு ஜன்னலோரம், தன் பெயரில். கொஞ்சம் முடிந்ததும் அவர் பார்க்க வந்தார். ஓரத்தில் சில மணிகளைப் பிரித்துப் பார்த்தார். முகம் கோணிற்று.

"என்னம்மா இது?"

"ஏன், நல்லாயில்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. அதுதான் பிரச்சனை. யோனேயைப் பாத்துக் காப்பியடிக்கற. கூடவே இருந்தல்ல, ஒட்டிக்கிச்சு. வேண்டாம் மிசாவோ. அந்தக் கை ஒண்ணுதான். எவ்வளவு நல்லா இருந்தாலும் காப்பின்னுதான் சொல்லுவாங்க. உன்னோட பழைய கை இருந்துச்சே, கொஞ்சம் தளர்வா, காத்தோட்டமா. அதுக்குன்னு வாங்கற ஆளு இருந்தாங்க. அதையே கட்டிக் குடு."

அவர் போனபின் கட்டியதைப் பிரித்தாள். நிமிர்ந்து நேராக உட்கார்ந்து, மணிக்கட்டால் இழுத்துக் கட்டிப் பார்த்தாள். ஐந்தாறு மணி கட்டியதும் உடம்பு தானாகச் சரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். இப்போது வந்த மணிகள் யோனேயுடையதும் இல்லை, அவளுடையதும் இல்லை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பழகுகிற குழந்தையின் கை. தன் பழைய துணி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். யாரோ முகம் தெரியாதவள் கட்டியதுபோல இருந்தது. எப்படிக் கட்டினோம் என்று விரலுக்கு ஞாபகமே இல்லை.

"முப்பது வருஷம் அதை மட்டம்னு நெனச்சே," என்றான் ஷோசோ. அன்றைக்கு அவன் குரலில் கிண்டல் இல்லை. "இப்ப தொலஞ்சதும் தேடற."

மறுமுறை ஹிபினோ வந்தபோது அவளால் தாங்க முடியவில்லை. கொட்டிவிட்டாள். சுருளில் மூன்றில் ஒரு பங்கு தன் கை, அண்ணன் வந்து நின்றது, சாத்திய கதவு, நசுங்கிய மெத்தை, எல்லாம். ஹிபினோ முதலில் பரிதாபமாகப் பார்த்தார்.

"களைச்சுப் போயிருக்கம்மா நீ. நோயாளியோட கிடந்து..."

"உக்காருங்க. பாருங்க."

சரிந்து உட்கார்ந்தாள். அவர் எதிரிலேயே ஒரு வரிசை கட்டி, ஈரத்துணி வைத்து, நூலை இழுத்துப் பிரித்து நீட்டினாள். ஹிபினோ பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஜன்னலுக்குப் போனார். வெகுநேரம் முதுகைக் காட்டியே நின்றார். திரும்பியபோது முகத்தில் ரத்தம் இல்லை.

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இல்ல."

"சொல்லாதே. ஒசாகாவுல அந்தப் பொண்ணு அதை உடுத்திக்கிட்டுக் கல்யாணமே பண்ணிட்டா. பரிசு, பேப்பர், எல்லாம் நடந்து முடிஞ்சிருச்சு. இப்ப நீ வாயைத் திறந்தா எங்க கடைப் பேரு போகும், உங்கண்ணன் பொய்யன்னு ஆவான், பேச்சில்லாம கிடக்கறவ திருடின்னு ஆவா. உனக்கு என்ன கிடைக்கும்?"

மிசாவோ பிரித்த நூலைச் சுருட்டத் தொடங்கினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு பண்ணலாம். நீ கட்டு. இதே கையில கட்டு. யோனே நல்லா இருந்தப்பவே கட்டி வச்சது பெட்டியில ரெண்டு மூணு சுருள் கிடந்துச்சுன்னு நான் பாத்துக்கறேன்."

"என் பேருல வித்தா?"

"உன் பேருல வித்தா போலி. அவ பேருல வித்தா அசல். நான் என்னம்மா பண்ணட்டும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு அவள் நேராக அண்ணி வீட்டுக்குப் போனாள். தோகுஜி பட்டறையில் இருந்தார். யோனேக்கு அந்த மாதம்தான் நாக்கு கொஞ்சம் புரள ஆரம்பித்திருந்தது. தண்ணீர், வலி, போ, இப்படி ஒற்றை ஒற்றைச் சொல். கேட்கிறவர்களுக்குப் பொறுமை இருந்தால் இரண்டு சொல் சேர்ந்து வரும்.

மிசாவோ படுக்கையருகே முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். வெளியே சில்வண்டு காது பிளக்கக் கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணி, நான் ஊர்ல யார்கிட்டயும் கேக்கப்போறதில்ல. உங்ககிட்ட மட்டும்தான். உங்க கண்ணு முன்னாலதான் கட்டினேன். அந்தச் சுருளோட மீதி யார் கட்டினது? என் காதுல மட்டும் சொல்லுங்க. அது போதும் எனக்கு."

இடது கண் அவள் முகத்தைப் பார்த்தது. உதடு கோணி அசைந்தது. யோனேயின் இடது கை போர்வையிலிருந்து வெளியே வந்து, தடவித் தடவி, மிசாவோவின் வலது கையைப் பிடித்தது. நூல் அறுத்த தழும்பையும் காய்த்துப்போன விரல்நுனியையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தது. வந்துவிட்டது, சொல்லப்போகிறாள் என்று மிசாவோ காதை அருகே கொண்டுபோனாள்.

"என்... கை," என்றாள் யோனே.

"அண்ணி?"

"இது... என் கை."

பிடியை விடவில்லை. அந்தக் கண்ணில் இருந்தது நன்றியா, குழப்பமா, பழைய கிண்டலா, மிசாவோவால் படிக்க முடியவில்லை. துணிச்சலை வரவழைத்துக்கொண்டு மறுபடி கேட்டாள்: "முழுக்க நீங்க கட்டினதா அண்ணி?"

"முழுக்க."

"நான்?"

யோனே வெகுநேரம் சொல்லைத் தேடினாள். "கஞ்சி," என்றாள் கடைசியில்.

மிசாவோ தன் கையை உருவிக்கொண்டாள். எழுந்து போய்க் கஞ்சியைச் சூடு பண்ணினாள். மேலே ஊறிய பிளம் காயை நசுக்கிப் போட்டு, ஊதி ஊதி ஊட்டினாள். வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். அதில் ஒன்றும் குறை வைக்கவில்லை.

மறுநாள் ஹிபினோவின் பட்டைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாள். பெட்டியில் கிடந்தது என்று யாரும் சொல்ல வேண்டாம், பெட்டியில் ஒன்றும் இல்லை என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தார்.

பட்டை அவள் அப்புறம் தொடவில்லை. கோடைக்கு உடுத்தும் பருத்தித் துணியில், குழந்தைகளுக்கும் குளியலறைக்கும் ஆகிற மலிவுத் துணியில், சிலந்திவலை போல விரியும் பெரிய பெரிய முடிச்சுப் போட்டாள். அதற்குக் கை வேண்டியதில்லை. யார் கட்டினாலும் ஒன்றுதான். நின்றுகொண்டும் கட்டலாம், பேசிக்கொண்டும் கட்டலாம். மிசாவோ நின்றுகொண்டு கட்டினாள். இடுப்புக் குத்தல் மட்டும் போகவில்லை.

யோனே இன்னும் பல வருடம் இருந்தாள். மிசாவோ ஒருநாளும் தவறாமல் மதியம் போய் ஊட்டினாள். இப்படி ஒரு நாத்தனார் கிடைக்கப் போன பிறவியில் என்ன செய்திருக்க வேண்டும் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். யோனே அதற்குப் பின் எத்தனையோ சொற்களைத் திரும்பப் பெற்றாள். கிண்டல்கூடக் கொஞ்சம் திரும்பிற்று. அந்தத் துணியைப் பற்றி மட்டும் இருவரும் பேசவேயில்லை.

யோனே போனது ஒரு மழைக்காலத்தில். எரித்து எலும்பு பொறுக்கி வந்தபின், வீட்டில் நீளமாகப் பாய் விரித்து எல்லோருக்கும் சாப்பாடு. வெளியூரில் மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் யோனேயின் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். ஹிபினோ முதல் வரிசையில். தோகுஜிக்கு வயதாகிவிட்டது. இரண்டு கிண்ணம் சாக்கே மது உள்ளே போனதும் அழுகையும் பேச்சும் ஒன்றாக வந்தன.

"அன்னிக்குக் காலையில பனி கொட்டிக்கிட்டிருந்துச்சு," என்றார். "நான் பட்டறைக்குக் கிளம்பறேன். இந்தா, இங்கதான் உக்காந்திருந்தா. கடைசி மணிங்க, பாருங்கன்னா. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், கட்டினா. நூலை அறுத்தா. என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா. எழுந்து அடுப்படிப் பக்கம் ரெண்டு அடி வச்சா, அவ்வளவுதான்."

சுற்றி இருந்தவர்கள் விம்மினார்கள். மிசாவோ அண்ணனின் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிறவன் முகம் இல்லை அது. அந்தச் சிரிப்பை அவர் பார்த்திருந்தார். இத்தனை வருடத்தில் எங்கோ ஒருநாள் உண்மையிலேயே பார்த்துவிட்டிருந்தார்.

தோகுஜி ஈரக்கண்ணோடு அவள் பக்கம் திரும்பினார்.

"நீயும் அன்னிக்கு வந்தியே மிசாவோ. நூல் அவ கையிலேயே இருந்துச்சு. நீ பாத்தேல்ல?"

பாய் முழுக்க முகங்கள் அவள் பக்கம் திரும்பின. ஹிபினோ கிண்ணத்தை வாயருகே வைத்தபடி குடிக்காமல் இருந்தார். ஷோசோ மனைவியின் முழங்கையை மெல்லத் தொட்டான். சொல் என்றா, சொல்லாதே என்றா, தெரியவில்லை.

"பாத்தேன் அண்ணே," என்றாள் மிசாவோ. "கையிலேயேதான் இருந்துச்சு."

எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு வந்தது. அவள் எழுந்து, காலியான கிண்ணங்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு, சூப் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.